பழைய ஆடியோ கருவியில் கெப்பாசிட்டர் மதிப்பு: உறைக்குறி, சர்க்யூட் படம், மீட்டர், கணக்கு – எதை எப்போது நம்பலாம்?

பழைய வால்வு ஆம்ப்ளிஃபயரிலிருந்து மெழுகுத்தாள் கெப்பாசிட்டர் ஒன்றைக் கழற்றியாயிற்று. உறையில் ".05" என்று அச்சிட்டிருக்கிறது. மல்டிமீட்டர் 0.083 மைக்ரோஃபாரட் காட்டுகிறது. சர்வீஸ் புத்தகத்தின் சர்க்யூட் படத்தில் 0.047. எதை வைத்துப் புதியதைத் தேர்ந்தெடுப்பது? இங்கே விடை 0.047. உறையும் படமும் சொல்வது ஒரே மதிப்பைத்தான்; மீட்டர் காட்டிய கூடுதல் அளவு கசிவால் (தடுக்க வேண்டிய டிசி கரண்ட் கெப்பாசிட்டருக்குள்ளே ஓடிவிடுவதால்) வந்தது.

இன்னொன்றைப் பாருங்கள். செராமிக் வட்டு ஒன்றில் "470" என்று மட்டும் இருக்கிறது. அது 470 பிக்கோஃபாரடா, 47 பிக்கோஃபாரடா? இந்த இடத்தில் உறை குழப்புகிறது, மீட்டர்தான் தீர்த்துவைக்கிறது.

ஆகவே எல்லா இடத்துக்கும் பொருந்தும் ஒரே வழி என்று எதுவும் இல்லை. மீட்டர் காட்டுவது கெப்பாசிட்டரின் இன்றைய நிலை. உறைக்குறி சொல்வது அது தொழிற்சாலையை விட்டு வந்தபோது இருந்த மதிப்பு. இரண்டுக்கும் இடையே எவ்வளவு தூரம் விழுந்திருக்கும் என்பது உள்ளே இருக்கும் பொருளைப் பொறுத்தது. அதனால் எண்ணைப் படிப்பதற்கு முன் வகையைக் கண்டுபிடிக்க வேண்டும்.

கை வைக்கும் முன்

மின் இணைப்பைப் பிடுங்கிவிட்டு, பெரிய ஃபில்டர் கெப்பாசிட்டர்களை 10 கிலோ ஓம், 5 வாட் ரெசிஸ்டர் வழியாகச் சில விநாடிகள் டிஸ்சார்ஜ் செய்யுங்கள். பிறகு மீட்டரில் வோல்ட்டேஜ் பாருங்கள். ஸ்க்ரூடிரைவரால் ஷார்ட் செய்வது கெப்பாசிட்டரின் உள் இணைப்பையும் கருவியையும் சேர்த்துக் கெடுக்கும். அடுத்து, எதையும் துடைப்பதற்கு முன் எல்லாக் கோணத்திலும் படம் எடுங்கள். பழைய அச்சுமை ஆல்கஹால் பட்டாலே கரைந்து போகலாம். மங்கிய எழுத்துக்கு, விளக்கைப் பக்கவாட்டில் மிகத் தாழ்வாகப் பிடித்தால் பள்ளமாகப் பதிந்த எழுத்து நிழலில் தெரியும். எடுத்த படத்தின் நிறங்களைத் தலைகீழாக்கிப் பார்ப்பதும் பலன் தரும்.

உறைக்குறி: விவரம் அதிகம், பொறிகளும் அதிகம்

ஃபிலிம், செராமிக் வகைகளில் மூன்று இலக்கக் குறி எளிது. முதல் இரண்டும் எண், மூன்றாவது எத்தனை சுழியம் என்பது, விடை பிக்கோஃபாரடில். 104 என்றால் 1,00,000 பிக்கோஃபாரட், அதாவது 0.1 மைக்ரோஃபாரட். 473 என்றால் 0.047. மூன்றாவது இலக்கம் 9 ஆக இருந்தால் மட்டும் பத்தால் வகுக்க வேண்டும். 479 என்பது 4.7 பிக்கோஃபாரட். பின்னால் வரும் ஆங்கில எழுத்து டாலரன்ஸ், அதாவது மதிப்பு எவ்வளவு விலகலாம் என்பது: ஜே ±5%, கே ±10%, எம் ±20%, இசட் என்றால் +80 முதல் −20% வரை. முன்னால் எண்ணும் எழுத்தும் சேர்ந்து வந்தால் அது தாங்கும் வோல்ட்டேஜ்: 1எச் 50 வோல்ட், 2ஏ 100, 2ஈ 250, 2ஜி 400, 2ஜே 630. ஆகவே 2ஏ104ஜே என்பது 0.1 மைக்ரோஃபாரட், 100 வோல்ட், ±5%. எழுத்தே புள்ளியாக நிற்கும் முறையும் உண்டு: 4என்7 என்றால் 4.7 நானோஃபாரட், என்47 என்றால் 0.47 நானோ, அதாவது 470 பிக்கோ.

குழப்பம் அதிகம் தருவது கே என்ற எழுத்து. செராமிக் வட்டில் "10கே" என்றால் பெரும்பாலும் 10 பிக்கோஃபாரட், ±10%. செக்கோஸ்லோவாக்கியாவின் டெஸ்லா தயாரிப்பில் அதே "10கே" 10,000 பிக்கோஃபாரட். ஆயிரம் மடங்கு வேறுபாடு! டெஸ்லா முறையில் எல்லாமே பிக்கோஃபாரடிலிருந்து தொடங்குகிறது: எம்1 என்றால் 0.1 மைக்ரோஃபாரட், ஜி1 என்றால் 100 மைக்ரோஃபாரட். சோவியத் பாகங்களில் நானோவைக் குறிக்கும் எழுத்து பார்வைக்கு ஆங்கில எச் போலவே இருக்கும். தசமப் புள்ளிக்குப் பதில் காற்புள்ளி வரும். "0,1" என்பது 0.1.

பழைய அமெரிக்கப் பாகங்களில் எம்எஃப், எம்எஃப்டி இரண்டும் மைக்ரோஃபாரட்தான். மில்லிஃபாரட் என்று படித்தால் கணக்கே கெட்டுவிடும். எம்எம்எஃப் என்பது பிக்கோஃபாரட். அலகே போடாத பாகத்தில், புள்ளியில் தொடங்கும் எண் (.1, .047) மைக்ரோஃபாரட், முழு எண் (47, 220) பிக்கோஃபாரட் என்று கொள்ளலாம். எலக்ட்ரோலிட்டிக்கில் மட்டும் முழு எண் மைக்ரோஃபாரட்.

முன்னே சொன்ன 470 சிக்கல் இந்த விதியிலிருந்துதான் பிறக்கிறது. முழு எண்ணாகப் படித்தால் 470, மூன்று இலக்கக் குறியாகப் படித்தால் 47. பக்கத்தில் ஜே அல்லது கே இருந்தால் குறிமுறையாக இருக்கும் வாய்ப்பு கூடுகிறது, ஆனாலும் உறுதி இல்லை. 100, 220, 330 எல்லாவற்றுக்கும் இதே கதி. ஒரு காலைத் தூக்கிவிட்டு அளந்துவிடுங்கள். செராமிக் எவ்வளவு பழையதானாலும் பத்து மடங்கு மாறாது.

நிறப்பட்டை முறைகளில் எண்கள் ரெசிஸ்டருக்கு உள்ளவையே. பொறி வேறு இடத்தில் இருக்கிறது. கறுப்பு வார்ப்புறையில் பட்டை போட்ட தாள் கெப்பாசிட்டரில் முதல் மூன்று பட்டைகள் பிக்கோஃபாரடில் மதிப்பு, நான்காவது டாலரன்ஸ், அடுத்தது நூறு வோல்ட் கணக்கில் வோல்ட்டேஜ். சிவப்பு, சிவப்பு, ஆரஞ்சு என்றால் 0.022 மைக்ரோஃபாரட். ஆனால் சூடும் புகையும் ஏறிய உறையில் ஆரஞ்சு சிவப்பாகத் தெரியும், அப்போது 0.0022 என்று படித்து, பாஸ் முழுவதையும் இழப்பீர்கள். வெள்ளை மஞ்சளாவதும் இப்படித்தான்.

மல்லார்ட் சி280 வகை பாலியெஸ்டர் வேறு மாதிரி. பட்டைகளுக்கு நடுவே இடைவெளி கிடையாது. மேலிருந்து கால்களை நோக்கிப் படிக்க வேண்டும்: இரண்டு எண்கள், பெருக்கி, டாலரன்ஸ் (கறுப்பு 20%, வெள்ளை 10%), வோல்ட்டேஜ் (சிவப்பு 250, மஞ்சள் 400). 0.22 மைக்ரோஃபாரடில் சிவப்பும் சிவப்பும் ஒட்டி ஒரே அகலப் பட்டையாகத் தெரியும். "நான்கு பட்டைதானே இருக்கிறது" என்று தோன்றினால், ஏதாவது ஒன்று இரட்டை அகலமா என்று பாருங்கள்.

தபால்தலை வடிவ மைக்கா கெப்பாசிட்டரில் ஆறு புள்ளிகள் இருந்தால் அம்புக்குறி இடமிருந்து வலமாக இருக்கும்படி பிடியுங்கள். மேல் வரிசையில் முதல் புள்ளி வகை (வெள்ளை அல்லது கறுப்பு என்றால் மைக்கா, வெள்ளி நிறம் என்றால் தாள்), பிறகு இரண்டு எண்கள். கீழ் வரிசையை வலமிருந்து இடமாகப் படிக்க வேண்டும்: பெருக்கி, டாலரன்ஸ், குணம் (வெப்பத்தோடு மதிப்பு மாறும் விதம்). கீழ் வரிசையையும் இடமிருந்து படித்துவிடுவதால் வரும் தவறு ஏராளம். முதல் புள்ளி இந்த மூன்று நிறங்களிலும் சேராவிட்டால் அது இன்னும் பழைய முறை. அதில் முதல் புள்ளியே முதல் எண்.

துளி வடிவ டாண்டலம் நிறக்குறி மட்டும் மைக்ரோஃபாரடில் வரும். மேலே இரண்டு பட்டைகள் எண், நடுவில் உள்ள பொட்டு பெருக்கி (சாம்பல் 0.01, வெள்ளை 0.1, கறுப்பு 1, பழுப்பு 10), அடியில் வோல்ட்டேஜ் (மஞ்சள் 6.3, கறுப்பு 10, பச்சை 16, நீலம் 20, சாம்பல் 25, இளஞ்சிவப்பு 35). பொட்டு உங்களைப் பார்க்க, கால்கள் கீழே இருக்க, வலது கால் பாசிட்டிவ். அலுமினிய எலக்ட்ரோலிட்டிக்கில் கோடு போட்ட பக்கம் நெகட்டிவ். டாண்டலத்தில் கோடோ கூட்டல் குறியோ போட்ட பக்கம் பாசிட்டிவ். இதை மாற்றிப் போட்டால் டாண்டலம் ஷார்ட் ஆகி எரியும்.

உருளை வடிவத் தாள், ஃபிலிம் கெப்பாசிட்டரில் ஒரு முனையில் மட்டும் இருக்கும் கறுப்புக் கோட்டைத் துருவம் என்று நினைக்க வேண்டாம். வெளித்தகடு எந்தக் காலில் சேர்ந்திருக்கிறது என்பதற்கான அடையாளம் அது. அந்தக் காலைத் தரைப்பக்கமோ, கப்ளிங் (ஒரு நிலையிலிருந்து அடுத்ததுக்கு ஒலியைக் கடத்துவது) என்றால் முந்தைய நிலையின் பக்கமோ வைத்தால் ஹம் என்ற உறுமல் குறையும்.

மதிப்பே இல்லாத எண்களும் உறையில் இருக்கும். "235-6412" என்று கண்டால் 235 மல்லோரி நிறுவனத்தின் குறி, மீதி 1964-ஆம் ஆண்டு 12-ஆவது வாரம். 85, 105 வெப்ப வரம்பாக இருக்கலாம். ஜெர்மன் தாள் கெப்பாசிட்டரில் "250/750" என்றால் வேலை வோல்ட்டேஜ் 250, சோதனை வோல்ட்டேஜ் 750. சின்ன எண்தான் உங்களுக்குரியது.

சர்க்யூட் படம்: கையில் கிடைத்தால் முதல் சாட்சி

உறை கருகியிருந்தாலும், பாகமே காணாமல் போயிருந்தாலும் படம் பேசும். முன்பு யாரோ தவறான மதிப்பைப் போட்டு வைத்திருந்தால் அதைக் காட்டிக்கொடுப்பதும் படம்தான். புதிதாகப் பளபளக்கும் ஈயம், வெட்டி விடப்பட்ட பழைய காலின் வளையம், சுற்றியுள்ளவற்றோடு சேராத காலத்துப் பாகம் – இவை தெரிந்தால் உறையில் எவ்வளவு தெளிவாக எழுதியிருந்தாலும் படத்தைப் பாருங்கள்.

குறை என்னவென்றால், உற்பத்தியின் நடுவில் நிறுவனங்கள் மதிப்புகளை மாற்றுவது வழக்கம். படத்தின் பதிப்பும் உங்கள் கருவியின் வரிசை எண்ணும் பொருந்த வேண்டும். அடிக்குறிப்பைக் கட்டாயம் படியுங்கள். "ஒன்றுக்குக் கீழ் மைக்ரோஃபாரட், ஒன்றுக்கு மேல் பிக்கோஃபாரட்" என்பது போன்ற ஒற்றை வரி, படத்திலுள்ள எல்லா எண்களுக்கும் பொருள் தருகிறது.

படம் இல்லாத ஸ்டீரியோ கருவிக்கு இன்னொரு சாட்சி உள்ளேயே இருக்கிறது: மற்ற சேனல். இடதில் படிக்க முடியாததை வலதில் படிக்கலாம். இரண்டும் ஒத்துப்போனால் அந்த மதிப்பில் சந்தேகம் வேண்டாம்.

மீட்டர்: எங்கே உண்மை, எங்கே பொய்

சாதாரண மல்டிமீட்டர் கெப்பாசிட்டருக்குத் தெரிந்த அளவு கரண்ட் கொடுத்து, வோல்ட்டேஜ் ஏற எவ்வளவு நேரம் ஆகிறது என்று பார்க்கிறது. உள்ளே கசிவு இருந்தால் கொடுத்த கரண்டில் ஒரு பகுதி அந்த வழியாக ஓடிவிடும். வோல்ட்டேஜ் மெதுவாக ஏறும். மீட்டர் அதைப் பெரிய கெப்பாசிட்டர் என்று எண்ணிவிடும். ஈரம் ஏறிய தாள் கெப்பாசிட்டர் அச்சிட்டதைவிட 50% கூடுதலாகக் காட்டுவது இதனால்தான். "மதிப்பு குறையவில்லை, நன்றாகத்தான் இருக்கிறது" என்று அதை விட்டுவைப்பது, மாற்ற வேண்டியதில் முதலாவதைத் தவறவிடுவது.

போர்டில் இருக்கும்போதே அளப்பதும் வீண். இணையாக உள்ள ரெசிஸ்டரும் மற்ற கெப்பாசிட்டரும் சேர்ந்தே எண்ணில் வரும். ஒரு காலையாவது விடுவியுங்கள். ஈஎஸ்ஆர் (கெப்பாசிட்டரின் உள் தொடர் ரெசிஸ்டன்ஸ்) மீட்டர் மட்டும் இதற்கு விதிவிலக்கு. அது டயோடு, டிரான்சிஸ்டர் ஜங்ஷன்களைத் திறக்காத சிறு வோல்ட்டேஜில், அதிக அதிர்வெண்ணில் வேலை செய்வதால், உலர்ந்த எலக்ட்ரோலிட்டிக்கைப் போர்டிலேயே காட்டிக்கொடுக்கும். ஆனால் ஷார்ட் ஆன கெப்பாசிட்டரை அது மிக நல்லது என்று சொல்லும். கசிவைப் பற்றி அதற்கு ஒன்றும் தெரியாது.

கசிவை அறிய, அந்தப் பாகம் வாழும் வோல்ட்டேஜிலேயே பார்க்க வேண்டும். சில வோல்ட்டில் சுத்தமாக நடந்துகொள்ளும் தாள் கெப்பாசிட்டர் 250 வோல்ட்டில் கசியும். வால்வு ஆம்ப்ளிஃபயரின் கப்ளிங் கெப்பாசிட்டரில், அணைத்த நிலையில் கிரிட் (அடுத்த வால்வின் கட்டுப்பாட்டு முனை) பக்கக் காலை மட்டும் விடுவியுங்கள். 10 மெகா ஓம் உள்ளீடு கொண்ட மீட்டரை டிசி வோல்ட்டில் வைத்து, அந்தக் காலுக்கும் சேஸிஸுக்கும் (கருவியின் உலோகச் சட்டம்) இடையே கிளிப்பால் இணைத்துவிட்டுப் பிறகு மின்சாரம் கொடுங்கள். ஆன் ஆனபின் கையால் எதையும் தொடாதீர்கள். சில விநாடிகளில் எண் சுழியத்தை நெருங்க வேண்டும். 5 வோல்ட்டில் நின்றால் 0.5 மைக்ரோஆம்பியர் கசிகிறது. 470 கிலோ ஓம் கிரிட் ரெசிஸ்டரில் அது 0.23 வோல்ட். 25 வோல்ட்டில் நின்றால் கிரிட் 1.2 வோல்ட் உயரும். ஈஎல்84 போன்ற வால்வில் ஒரு வோல்ட்டுக்கு ஏறத்தாழ 11 மில்லியாம்பியர் கூடும். கேத்தோடு ரெசிஸ்டர் ஓரளவு பிடித்து நிறுத்தினாலும், ஏற்கெனவே 12 வாட் எல்லையில் ஓடும் வால்வுக்கு அது தாங்காத சுமை. சூடு ஏறினால் கசிவும் ஏறும் என்பதால், அரை மணி நேரம் ஓடிய பிறகும் ஒருமுறை பாருங்கள்.

மீட்டர் முழுமையாகத் தோற்கும் இடம் வெள்ளி பூசிய மைக்கா. மதிப்பு சரியாகவே காட்டும். உயர் வோல்ட்டேஜில் வைத்தால் வெள்ளி நகர்ந்த இடத்தில் படபடவென்று சத்தம் தரும். அங்கே காதுதான் சோதனைக் கருவி.

கணக்கு: யாரும் பேசாதபோது

குறியும் இல்லை, படமும் இல்லை, மற்ற சேனலும் இல்லை என்றால் சுற்றியுள்ள ரெசிஸ்டர்கள் வழி சொல்லும். 1,59,000-ஐ ஓம் பெருக்கல் மைக்ரோஃபாரடால் வகுத்தால் வெட்டு அதிர்வெண் (அதற்குக் கீழே ஒலி குறைந்துகொண்டே போகும்) ஹெர்ட்ஸில் கிடைக்கும். 470 கிலோ ஓம் கிரிட் ரெசிஸ்டருக்கு 0.01 மைக்ரோஃபாரட் 34 ஹெர்ட்ஸ் தரும், 0.022 என்றால் 15, 0.1 என்றால் 3.4. சிறிய ரேடியோவில் முதலாவது இயல்பு, நல்ல ஆம்ப்ளிஃபயரில் அடுத்தவை. ஒற்றை சப்ளை டிரான்சிஸ்டர் ஆம்ப்ளிஃபயரில் 8 ஓம் ஸ்பீக்கருக்கு 1000 மைக்ரோஃபாரட் 20 ஹெர்ட்ஸ், 470 என்றால் 42. கணக்கு தோராய மதிப்பைத்தான் தரும், ஆனால் பத்து மடங்குத் தவறை உடனே பிடித்துவிடும். உறையைப் படித்த பிறகும் இதை ஒருமுறை போட்டுப் பார்ப்பது நல்ல பழக்கம்.

ரெக்கார்டு பிளேயரின் ஃபோனோ நிலையில் தோராயம் செல்லாது. அங்கே ஆர்ஐஏஏ என்ற ரெக்கார்டு ஒலிச்சமன் நெறிப்படி 3180, 318, 75 மைக்ரோவிநாடி கால மாறிலிகள் அமைய வேண்டும். அவற்றைத் தீர்மானிக்கும் கெப்பாசிட்டர்களை ±5%-க்குள், இயன்றால் இரு சேனலுக்கும் அளந்து இணை சேர்த்துப் போடுங்கள்.

எந்த வகைக்கு எதை நம்புவது

தாள் கெப்பாசிட்டர்: படம், உறை, கணக்கு. மீட்டரை மதிப்புக்குக் கேட்காதீர்கள். கசிவைப் பார்க்க மட்டும் வையுங்கள். உண்மையில் தாள் கெப்பாசிட்டரைச் சோதிக்காமலேயே எல்லாவற்றையும் மாற்றுவதுதான் என் பரிந்துரை. இன்று தேறினாலும் நாளை கசியும்.

எலக்ட்ரோலிட்டிக்: உறையும் படமும் முதல், ஈஎஸ்ஆரும் கசிவும் மாற்றுவதா என்பதைத் தீர்மானிக்க. பழையவற்றின் டாலரன்ஸ் −10 முதல் +50% வரை இருந்தது. அதனால் 16 மைக்ரோஃபாரட் பாகம் 21 காட்டினால் அது கோளாறு ஆகாது; 35 காட்டினால் கசிவைச் சந்தேகியுங்கள். பல பகுதிகள் கொண்ட குவளையில் அரைவட்டம், சதுரம், முக்கோணம் என்று அடியில் வெட்டிய அடையாளங்களை உறையின் பட்டியலோடு பொருத்திப் படியுங்கள்.

செராமிக், மைக்கா, பாலிஸ்டைரீன்: ஒரு காலைத் தூக்கி அளப்பதே விரைவான வழி. பாலிஸ்டைரீன் சூட்டில் உருகும் என்பதால் காலை மூக்குக் குறட்டால் பிடித்துக்கொண்டு சால்டரிங் செய்யுங்கள். டியூனர் பகுதி செராமிக்கில் மதிப்பு மட்டும் போதாது. உறை உச்சியில் ஊதா நிறம் என்றால் வெப்பத்தோடு மதிப்பு குறையும் என்750 வகை, கறுப்பு என்றால் மாறாத வகை. இதை மாற்றிப் போட்டால் சூடேறியதும் நிலையம் நகர்ந்துவிடும்.

மின் இணைப்பின் இரு கம்பிகளுக்கு இடையிலும், மின் இணைப்பிலிருந்து சேஸிஸுக்கும் போட்ட கெப்பாசிட்டருக்கு உறைக்குறி எதுவானாலும் பொருட்டில்லை. எக்ஸ், ஒய் என்ற பாதுகாப்பு வகை பிரிப்பு வருவதற்கு முன்பு வந்த பாகத்தில் அது எழுதியிருக்காது. இரு கம்பிகளுக்கு இடையே எக்ஸ்2, சேஸிஸுக்கு ஒய்2 மட்டும் போடுங்கள். சாதாரண 630 வோல்ட் ஃபிலிம் இங்கே கூடாது. ஷார்ட் ஆனால் சேஸிஸில் மின்சாரம் ஏறும்.

ஸ்பீக்கர் க்ராஸ்ஓவரில் பிபி அல்லது என்பி என்று எழுதியவை துருவம் இல்லாதவை. அங்கே சாதாரண எலக்ட்ரோலிட்டிக் கூடாது. ஃபிலிம் போடலாம், ஆனால் அதன் ஈஎஸ்ஆர் மிகக் குறைவு என்பதால் ட்வீட்டர் சற்று ஓங்கக் கேட்கலாம்.

வாங்கும்போதும் பொருத்தும்போதும்

பழைய 0.05-க்கு 0.047, 0.02-க்கு 0.022, 0.005-க்கு 0.0047, 8-க்கு 10, 16-க்கு 22 (அல்லது 15), 50-க்கு 47. வோல்ட்டேஜ் சமமாகவோ கூடுதலாகவோ இருக்கட்டும். வால்வு ரெக்டிஃபயரை அடுத்த முதல் ஃபில்டரை மட்டும் பெரிதாக்கிவிடாதீர்கள். ஜிஇசட்34 தாங்கும் மேல் எல்லை 60 மைக்ரோஃபாரட், ஈஇசட்80-க்கு 50.

எலக்ட்ரோலிட்டிக் குவளை சேஸிஸிலிருந்து அட்டை வைத்துப் பிரிக்கப்பட்டிருந்தால், அதன் நெகட்டிவ் பெரும்பாலும் ஒரு பயஸ் (வால்வின் கரண்டைக் கட்டுப்படுத்தும் கிரிட் வோல்ட்டேஜ்) ரெசிஸ்டர் வழியாகத் தரைக்குப் போகிறது என்று பொருள். புதியதன் நெகட்டிவை நேரே சேஸிஸில் சேர்த்தால் அவுட்புட் வால்வு பயஸ் இழக்கும். ஜெர்மேனியம் பிஎன்பி டிரான்சிஸ்டர் ரேடியோக்களில் பல, சேஸிஸையே பாசிட்டிவாக வைத்தவை. அவற்றில் கெப்பாசிட்டரின் கூட்டல் கால்தான் தரைக்குப் போகும். போர்டில் அச்சிட்ட பாதி நிழல் வட்டம் சில தயாரிப்பில் நெகட்டிவ், சிலவற்றில் பாசிட்டிவ். அதை மட்டும் நம்பாமல், பழையதைக் கழற்றும் முன் எடுத்த படத்தோடு ஒப்பிட்டு, மின்சாரம் கொடுத்து இரு துளைகளுக்கும் இடையே உள்ள வோல்ட்டேஜின் திசையை அளந்த பிறகு பொருத்துங்கள்.